17 ஆண்டுகளாகக் கையில் இருக்கும் கொடுவாள்: நீலம் பாய்ந்த வாயை மறுபடி தோய்க்கலாமா?

ஏரிக்கரையான் (பாலக்கோடு)

அனைவருக்கும் வணக்கம். கேள்வி சிறியதுதான். ஆனால் பின்னணியைச் சொல்லாமல் கேட்டால் "பழசைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குங்கள்" என்ற பதில்தான் வரும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

2008ஆம் ஆண்டு போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், தரையில் சாக்கு விரித்து அமர்ந்திருந்த ஒரு கொல்லரிடம் இந்தக் கொடுவாளை வாங்கினேன். லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையை அடித்துச் செய்தது என்றார். வெட்டுப்பகுதி 10 அங்குலம், பிடி 5 அங்குலம். வாங்கிய அன்று மளிகைக் கடைத் தராசில் 640 கிராம் இருந்தது. போன வாரம் அதே கடையில் நிறுத்துப் பார்த்தபோது 530 கிராம்தான் இருந்தது. குறைந்த 110 கிராமும் நானே அரத்தாலும் கல்லாலும் எடுத்தது. கொஞ்சம் மட்டும் சீமைக்கருவேலத்தின் கணக்கில் சேரும்.

முதலில் மாற்றியது பிடியை. வாங்கும்போது இருந்தது உருண்டையான புளியம்பிடி. ஒரு மழை நாளில் மூங்கில் வெட்டிக்கொண்டிருந்தபோது, வெட்டு விழும் நேரத்தில் அது கைக்குள்ளேயே திரும்பி, வாய் பக்கவாட்டில் சறுக்கி என் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. அன்றைக்கே பிடியைக் கழற்றிவிட்டேன். வெள்வேலக் கட்டையில் முட்டை வடிவக் குறுக்குவெட்டில் ஒரு பிடி செதுக்கினேன். முதலிரண்டும் சரிவரவில்லை, மூன்றாவது நின்றது. அடிப்பக்கம் சுண்டுவிரல் தங்கும்படி கொஞ்சம் புடைத்திருக்கும். இருட்டில் எடுத்தாலும் வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது மூக்கு. புதிதாக இருந்தபோது கிளிமூக்கைப்போல் கீழே வளைந்திருந்தது. புளியங்கிளையை இழுத்து வெட்டுவதற்கு அது நல்லதுதான், ஆனால் வேலியோர உண்ணிச்செடியைக் கழிக்கும்போது ஒவ்வொரு வீச்சுக்கும் கொடியில் மாட்டிக்கொண்டது. 2012 வாக்கில் அரை அங்குலம் தேய்த்துக் குறைத்தேன். அதில் எனக்கு இன்றும் பாதி வருத்தம் உண்டு. தரையோரம் வெட்டும்போது கல்லில் முதலில் படுவது மூக்குதான் என்பதும், அது வாங்கிக்கொண்ட அடியால்தான் வாய் பிழைத்துவந்தது என்பதும் குறைத்த பிறகுதான் புரிந்தன.

மூன்றாவது மாற்றம்தான் இந்தக் கத்தியை என்னுடையதாக ஆக்கியது. பிடியை ஒட்டிய 2 அங்குல வாயை மட்டும் மெல்லிதாகத் தேய்த்துக்கொண்டேன். கயிறு அறுக்க, முளைக்குச்சி சீவ, மல்பெரிக் குச்சியின் கண்ணைக் கழிக்க அந்த 2 அங்குலமே போதும். முன்னால் இருக்கும் தொப்பைப் பகுதி வெட்டுக்கு மட்டும். முதுகில் கட்டைவிரல் அழுந்தும் இடத்தை உருட்டிவிட்டு, மீதியைப் பட்டை சுரண்டுவதற்காகக் கூர்க்கோணமாகவே விட்டிருக்கிறேன்.

உறை, 4 அங்குல பிளாஸ்டிக் குழாயைத் தணலில் காட்டி, இரண்டு பலகைக்கு நடுவே வைத்து அழுத்திச் செய்தது. அடியில் ஓட்டை போடாமல் விட்டதால் முதல் மழைக்காலத்திலேயே உள்ளே நீர் தங்கித் துருப்பிடித்தது. இப்போது இரண்டு ஓட்டை இருக்கிறது.

இனி நடந்த கேடு. சென்ற மாதம் ஒரு கல்லில் பட்டு வாயில் இரண்டு இடத்தில் பல் விழுந்தது. நேரமில்லாமல் பக்கத்து ஊர் வெல்டிங் பட்டறை ஒன்றில் கொடுத்தேன். அந்தப் பையன் ஆங்கிள் கிரைண்டரை வைத்து, தண்ணீரே காட்டாமல், பொறி பறக்கப் பறக்க 3 நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டான். தொப்பைப் பகுதியில் ஏறத்தாழ 3 அங்குல நீளத்துக்கு வாய் நீலமாகிவிட்டது. அதிலிருந்து சீமைக்கருவேலத்தின் கணுவில் ஓங்கி வெட்டினால் அந்த இடம் மட்டும் மடங்குகிறது.

இதை அரத்தால் தேய்த்தே சரிசெய்ய முடியுமா, இல்லை உலையில் வைத்து முழுதாகத் தோய்த்தாக வேண்டுமா (பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்குவது)? தோய்ப்பதென்றால் பிடியைக் கழற்ற வேண்டும். பிடிக்குள் போகும் இரும்பு வால் அரக்கில் இறக்கியிருப்பதால் பிடி உடைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. கத்தி போனால்கூடப் பரவாயில்லை, அந்தப் பிடியை மறுபடி செதுக்க என்னால் முடியாது.

பட்டறைவீடு (அரூர்)

வணக்கம் அண்ணா. எங்கள் வீட்டில் என் தலைமுறைக்கு முன்புவரை எல்லோரும் உலைமுன் நின்றவர்கள். நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன். ஆனாலும் விடுமுறையில் அப்பாவுக்குத் துருத்தி சுற்றியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். உடனே உலையில் வைக்காதீர்கள்.

நீலம் என்றாலே இரும்பு செத்துவிட்டது என்று பொருளில்லை. தோய்த்த இரும்பைத் திரும்பச் சூடேற்றினால் 220 டிகிரி அளவில் வைக்கோல் நிறமும், 250ஐத் தாண்டினால் தவிட்டு நிறமும், 280ஐ ஒட்டிக் கத்தரிப்பூ நிறமும், 300 டிகிரி வாக்கில் நீலமும் வரும். நிறம் ஏற ஏறக் கடினம் குறையும், இழுவைத்தன்மை கூடும். கொடுவாளின் வாயை எங்கள் அப்பா தவிட்டு நிறத்துக்கும் கத்தரிப்பூ நிறத்துக்கும் நடுவில் நிறுத்துவார். எனவே நீலம் என்பது அதற்கு ஒரு படி மேலே போனதுதான். லாரியில் இருந்தபோது அந்தப் பட்டை இதைவிட அதிகச் சூட்டில் பதப்படுத்தப்பட்டிருக்கும். அதனால்தான் உடையாமல் வளைந்து கொடுக்கிறது.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. நீங்கள் இப்போது பார்க்கும் நீலம், சூடு பரவிய எல்லை மட்டும்தான். வாயின் மிக மெல்லிய ஓரம் அதற்கும் மேலே சூடேறிச் சாம்பல் நிறத்துக்குப் போயிருக்கும். அந்த நிறத்தைக் கிரைண்டர் சக்கரமே அடுத்த நொடியில் தேய்த்துக்கொண்டு போயிருக்கும். எனவே பளபளவென்று வெள்ளையாகத் தெரியும் ஓரத்தை நல்லது என்று நம்பிவிடாதீர்கள். மடங்குவது அந்த இடம்தான்.

சோதிக்க எளிய வழி உண்டு. நல்ல நிலையிலுள்ள ஒரு தட்டை அரத்தை எடுத்து, முதலில் கெடாத வாயில் நாலு இழுப்பு இழுங்கள். அரம் வழுக்கிக்கொண்டே லேசாகக் கடிக்கும். அந்தக் கடியைக் கையில் வாங்கிக்கொண்டு, பிறகு நீலம் பாய்ந்த இடத்தில் இழுங்கள். அங்கே அரம் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். இரண்டு இடத்திலும் கடி ஒன்றாகும்வரை கெட்ட இடத்தைத் தேய்த்துக்கொண்டே போங்கள். வாய் மெல்லிதாக இருந்த இடத்தில்தான் சூடு பிடித்திருக்கும் என்பதால், பெரும்பாலும் ஒன்றரை அல்லது இரண்டு மில்லிமீட்டரில் நல்ல இரும்பு வந்துவிடும். பிறகு தொப்பையின் வளைவு முழுவதையும் அதற்கேற்ப இறக்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் நடுவில் பள்ளம் விழுந்து வெட்டு சரியாக உட்காராது. கையரத்தாலும் தண்ணீர் விட்ட கல்லாலும் மட்டும் செய்யுங்கள்.

அதிலும் சரிவரவில்லை என்றால்தான் தோய்ப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். ஸ்பிரிங் பட்டையை எண்ணெயில் தோய்ப்பதுதான் பாதுகாப்பு. அப்பா பழைய வழக்கப்படி வாயை மட்டும் தண்ணீரில் காட்டி எடுப்பார். முதுகில் மிச்சமிருக்கும் சூடு வாயை நோக்கி இறங்கும்போது, சாணைக்கல் துண்டால் ஓர் இடத்தைத் தேய்த்து வெளுப்பாக்கி, அதில் நிறம் ஓடி வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்து, வேண்டிய நிறம் வாய்க்கு வந்ததும் முழுதாக அமிழ்த்திவிடுவார். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். ஆனால் நூற்றில் சிலமுறை தண்ணீருக்குள்ளிருந்து "டக்" என்று ஓர் ஓசை வரும். வாயில் மயிரிழை விரிசல் விழுந்துவிட்டது என்று பொருள். அன்றைக்கு அவர் யாரிடமும் பேசமாட்டார். ஏற்கெனவே தேய்ந்து மெலிந்த, 17 வருடக் கீறல்கள் உள்ள கத்திக்கு அந்த ஓசை வருவதற்கான வாய்ப்பு இன்னும் கூடுதல்.

கருவியறை (ஓசூர்)

மேலே சொன்ன அரச் சோதனையே போதும் என்பதற்கு ஒரு துணைச் சான்று. நான் தொழிற்சாலையின் கருவியறையில் வேலை செய்கிறேன். கடினத்தை அளக்கும் ராக்வெல் கருவி அங்கே இருக்கிறது. அதில் வைத்துப் பார்க்கலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் அதற்கு அடியும் மேலும் இணையாக உள்ள தட்டையான இடம் வேண்டும். சரிவாகத் தேய்ந்த வாயில் அளந்தால் வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை. முதுகில் அளந்தாலோ வாயின் நிலை தெரியாது.

மாந்தோப்பு (பர்கூர்)

அண்ணன் கோபித்துக்கொள்ளக்கூடாது. உங்கள் கேள்விக்கான பதிலைப் பட்டறைவீட்டுத் தம்பி சொல்லிவிட்டார். நான் சொல்ல வருவது வேறு. கயிறு அறுப்பதற்கும் குச்சி சீவுவதற்கும் ஏற்றபடி 110 கிராம் குறைத்து மெருகேற்றிய ஒரு கத்தியைச் சீமைக்கருவேலத்தின் கணுவில் ஓங்கிப் போடுவதே முறையில்லை என்பது என் கட்சி. அந்த மரத்துக்கு எடை வேண்டும். எங்கள் தோப்பில் அதற்கென்று கோடரி இருக்கிறது, கொடுவாள் கவாத்துக்கும் வேலிக்கும் மட்டும்தான். ஒரே கத்தி எல்லா வேலையும் செய்ய வேண்டும் என்ற ஆசையால்தான் நல்ல கத்திகள் பாழாகின்றன.

பிடியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது மட்டும் முழுதாக ஒத்துப்போனேன். வெள்வேலத்தை விடாதீர்கள். மாமரத்தில் பிடி போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தோப்பு வைத்திருப்பவனே சொல்கிறேன், அது பிடிக்கு ஆகாது, மென்மையானது, சீக்கிரம் உளுத்துப்போகும். பங்குனி, சித்திரை வெயிலில் எந்த மரமும் காய்ந்து சுருங்கிப் பிடி ஆடத் தொடங்கும். அப்போது தண்ணீரில் ஊறவைத்து இறுக்குவது பலரின் வழக்கம். அது இரண்டு நாள் வைத்தியம்தான்; ஊறிய மரம் உள்ளே இருக்கும் வாலைத் துருப்பிடிக்க வைக்கும், காய்ந்த பிறகு முன்பைவிட அதிகமாக ஆடும். வருடத்துக்கு இரண்டு முறை ஆளிவிதை எண்ணெயை மெல்லிதாகப் பூசிக் காயவிடுங்கள். அது உலர்ந்து மரத்தோடு படிந்துவிடும். கடலை எண்ணெய் பிசுபிசுப்பாகும், விளக்கெண்ணெய் உலரவே உலராது.

இரும்புக்கு இன்னொன்று. மாங்காய்க் காம்புப் பாலும் புளியும் பட்ட கத்தியை அப்படியே உறையில் போடாதீர்கள். புளியின் அமிலத்தால் இரும்பு கறுப்பது தவறில்லை. அந்தச் சாம்பற்கறுப்புப் படலம் சிவப்புத் துருவை ஓரளவு தள்ளிவைக்கும். என் கத்தியில் அதை நான் தேய்த்து எடுப்பதே இல்லை. ஆனால் ஈரத்தோடு உறைக்குள் போனால் அதே புளி இரும்பை அரித்துக் குழி விழச் செய்துவிடும்.

மலைநடை (தேன்கனிக்கோட்டை)

எங்கள் பக்கம் கன்னடம் பேசுகிறவர்கள் கொடுவாளை மச்சு என்பார்கள். பெயர் எதுவானாலும், ஒரு செய்தியை யாரும் சொல்லாததால் சொல்லிவைக்கிறேன். ஏரிக்கரையான் தம்பி இதை வீடு, கழனி, வேலி என்று பயன்படுத்தும்வரை சிக்கலில்லை. ஆயுதச் சட்ட விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஒரு பிரிவில் வைக்கப்பட்டிருந்தாலும், வீட்டு வேலைக்கும் உழவுக்கும் என்று செய்யப்பட்டவை அதிலிருந்து விலக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் காட்டுக்குள் கதை வேறு. காவேரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014இல் அறிவிக்கப்பட்ட பிறகு, நாங்கள் சிறுவயதில் கொடுவாளோடு சுற்றிய இடங்களில் பல அதற்குள் வந்துவிட்டன. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவின்படி, எழுத்துமூலம் முன் அனுமதி பெறாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக்கூடாது. அந்தச் சட்டம் ஆயுதம் என்று எண்ணும் பொருள்களில் கத்தியும் இருக்கிறது. "குச்சி வெட்டத்தான் ஐயா" என்று சொல்வது அங்கே எடுபடாது. அஞ்செட்டிப் பக்கம் நடக்க வருகிறவர்கள் கத்தியை வீட்டில் வைத்துவிட்டு வருவதே மரியாதை.

பேருந்தில் கொண்டுபோவதென்றால் உறையோடு சாக்கில் சுற்றிக் கட்டுங்கள். உறையின் வாய்ப்பக்கம் கயிற்றால் ஒரு கட்டு இருக்கட்டும். பிளாஸ்டிக் உறைகள் கோடையில் நெகிழ்ந்து கத்தியைக் கீழே விட்டுவிடும்.

ஏரிக்கரையான் (பாலக்கோடு)

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

அரச் சோதனை அப்படியே பலித்தது. கெட்ட இடத்தில் அரம் இறங்கிய விதமே தனியாகத் தெரிந்தது. இரண்டு மாலை உட்கார்ந்து தேய்த்ததில் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டருக்குப் பிறகு கடி மாறியது. கை உணர்வதற்கு முன்பே ஓசை மாறியதைக் காது கண்டுகொண்டது. தொப்பையை முழுதாக இறக்கி, கல்லில் தீட்டி, காய்ந்த வேலங்கழியில் வெட்டிப் பார்த்தேன். மடங்கவில்லை. மாந்தோப்பு அண்ணன் சொன்னபடி சீமைக்கருவேலத்தின் பக்கம் போகவில்லை, கோடரி வாங்கியாயிற்று.

ஆனால் அவர் பிடியைப் பற்றி எழுதிய ஒரு வரி உறுத்திக்கொண்டே இருந்தது. நானும் ஒவ்வொரு சித்திரையிலும் பிடியைத் தொட்டித் தண்ணீரில் ஊறவைத்து வந்தவன்தான். வெட்டும்போது பிடிக்குள் மெல்லிய "டிக்" என்ற அசைவு ஒன்று சில மாதங்களாகவே இருந்தது. துணிந்து, பூணுக்கு அருகே இரும்பை மட்டும் மெதுவாகச் சூடுகாட்டி, வாயைச் சுற்றி ஈரத்துணி கட்டி, அரக்கை இளக்கிப் பிடியைக் கழற்றினேன். பிடி உடையவில்லை. ஆனால் உள்ளே வால் பாதியாகியிருந்தது. பூணுக்குக் கீழே ஓரிடத்தில், விரல் பருமன் இருக்க வேண்டியது பென்சில் அளவுக்குத் துருவில் கரைந்துபோயிருந்தது. இவ்வளவு நாள் வாயைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அடுத்த ஓங்கலில் கத்தி பிடியை விட்டுப் பறந்திருக்கும்.

இப்போது கேள்வி மாறிவிட்டது. புது வால் ஒன்றை வெல்டிங் வைத்துக்கொள்ளலாமா?

பட்டறைவீடு (அரூர்)

வெல்டிங் வேண்டாம் அண்ணா. ஸ்பிரிங் பட்டையில் கார்பன் அதிகம். வெல்டிங் வைத்த கோட்டுக்கு அடுத்து இருக்கும் இரும்பு சட்டென்று சூடாகிச் சட்டென்று ஆறும்போது கண்ணாடிபோல் நொறுங்கக்கூடியதாக ஆகிவிடும். முன்னதாகச் சூடேற்றி, பிறகு மெதுவாக ஆறவிட்டு, முறையாகச் செய்கிறவர்கள் உண்டு. சாலையோரப் பட்டறையில் அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. கொடுவாளில் முழு அடியும் வந்து சேரும் இடமும் அதுதான்.

பழைய வழி ஒன்றே இருக்கிறது. பிடியை ஒட்டிய பகுதியை உலையில் காய்ச்சி, அந்த இரும்பையே இழுத்துப் புது வாலாக அடிப்பது. முன்பக்க வாயில் பதம் போகாமல் இருக்க, தொப்பைமேல் ஈரக் களிமண் அப்பி, சணல் சாக்குச் சுற்றி, நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு ஒன்றரை அங்குல வாய் செலவாகும். நீங்கள் ஆசையாக மெல்லிதாக்கிய அந்த 2 அங்குலத்தில் பெரும்பகுதி போய்விடும் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது.

ஏரிக்கரையான் (பாலக்கோடு)

படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அந்த 2 அங்குலம் 13 வருட வேலை. ஆனால் அதை மறுபடி தேய்க்க என் கைக்குத் தெரியும். அடுத்த 2 அங்குலம் முன்னால் தயாராக இருக்கிறது. கத்தி எட்டரை அங்குலமாகும். இப்போது மூக்குப் பக்கம் கொஞ்சம் கனமாகத் தோன்றும் குறையும் அதில் தீரும் என்று நினைக்கிறேன். அரூர்ப் பக்கம் இப்படி வால் இழுத்துத் தருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்களா?

பட்டறைவீடு (அரூர்)

அப்பா இன்னும் வாரத்தில் இரண்டு நாள் உலை மூட்டுகிறார். நிறம் பார்க்க வேண்டும் என்பதால் சாயங்காலம்தான் இந்த வேலையைச் செய்வார். மதிய வெயிலில் வந்து நிற்காதீர்கள். பழைய பிடியையும் பூணையும் கட்டாயம் எடுத்து வாருங்கள். வாலை அந்தப் பிடியின் துளைக்கு ஏற்றபடிதான் அடிக்க வேண்டும். பிடியைத் துளைத்துப் பெரிதாக்கினால் முட்டை வடிவத்தின் சுவர் மெலிந்துவிடும். அரக்கு எங்களிடம் இருக்கிறது. தொட்டித் தண்ணீர் விஷயத்தை மட்டும் அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்.